சொந்தமா வெப்சைட் தொடங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பேப்பரில் எழுதுங்க!

‘தம்பி, கடைக்கு ஒரு வெப்சைட் போடணும், எவ்வளவு ஆகும்?’ புதிதாக வெப்சைட் தொடங்க நினைக்கும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எதிரில் இருப்பவரும் உடனே ஒரு தொகையைச் சொல்லி, ‘அஞ்சு பேஜ் சார், ஒரு வருஷம் டொமைன், ஹோஸ்டிங் ஃப்ரீ’ என்று முடித்துவிடுவார். அட்வான்ஸும் கைமாறிவிடும்.

அந்த அஞ்சு பேஜில் என்ன இருக்கும், யாருக்காக இருக்கும், டொமைன் யார் பெயரில் வாங்கப்படும்... இதெல்லாம் பேச்சிலேயே வந்திருக்காது. ‘வெப்சைட் இருக்கு, ஆனா ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்குறாங்க’ என்று ஆறு மாதம் கழித்துப் புலம்புவதும், ‘வெப்சைட்டையே காணோம்’ என்று மூன்று வருடம் கழித்துப் பதறுவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்று. எல்லாருக்கும் வெப்சைட் தேவையில்லை. தெருமுனையில் டிபன் கடை நடத்துபவருக்கு கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்து, நேரமும் ஃபோன் நம்பரும் சரியாகப் போட்டாலே போதும். அது இலவசம். வெளியூர் ஆட்கள் தேடி வர வேண்டிய தொழிலா, விலைப்பட்டியல் பெரிதா, விளக்கிச் சொல்ல நிறைய இருக்கிறதா? அப்போது வெப்சைட் பற்றி யோசிக்கலாம்.

வர்றவங்க என்ன கேட்பாங்க?

ஈரோடு மாவட்டம் சென்னிமலை, பெட்ஷீட்டுக்குப் பெயர் போன ஊர். அங்கே பெட்ஷீட் கடை வைத்திருக்கும் ஒருவர் வெப்சைட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் முதலில் வருவது முகப்பில் ஒரு பெரிய படம், ‘உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’, அடுத்து ஓனர் படம், அதற்குக் கீழே ‘எங்கள் நோக்கம்’, ‘எங்கள் தொலைநோக்குப் பார்வை’.

இதைத் தேடி யார் வரப்போகிறார்கள்? சென்னையில் இருந்து ஒருவர் ஃபோனில் திறக்கிறார். டபுள் காட் பெட்ஷீட் என்ன விலை, எத்தனை இன்ச், சாயம் போகுமா, கூரியர் சார்ஜ் எவ்வளவு, எத்தனை நாளில் வரும். இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஊட்டியில் லாட்ஜ் நடத்துபவர் திறந்தால் கேள்வியே வேறு. நூறு பீஸ் எடுத்தால் என்ன ரேட், ஜிஎஸ்டி பில் உண்டா, லாட்ஜ் பெயர் போட்டுத் தருவீங்களா?

இந்தக் கேள்விகளைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம் நேரிலும் ஃபோனிலும் வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளர்கள் என்ன கேட்டாலும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் அஞ்சாறு கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் முகப்புப் பக்கம். மொத்தமாக வாங்குபவர்களுக்குத் தனி பேஜ், ஒவ்வொரு வகை பெட்ஷீட்டுக்கும் ஒரு பேஜ், கடைக்கு வரும் வழியும் தொடர்பு எண்ணும் ஒரு பேஜ். எத்தனை பேஜ் வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்ல வேண்டும், டிசைனரின் பேக்கேஜ் சொல்லக்கூடாது.

இன்னொன்று, ஒவ்வொரு பேஜின் முடிவிலும் வந்தவர் அடுத்து என்ன செய்யணும் என்பது தெரிய வேண்டும். சில்லறையில் வாங்குபவருக்கு ஆர்டர் பட்டன், லாட்ஜ்காரருக்கு ஃபோன் நம்பர். ஒரே பேஜில் ஏழெட்டு பட்டன் வைத்தால் எதையுமே அழுத்த மாட்டார்கள்.

உலகின் முதல் வெப்சைட்டை டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கியது ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையத்தில். 1991-ல் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதில் படமும் இல்லை, கலர் டிசைனும் இல்லை. வேர்ல்ட் வைட் வெப் என்றால் என்ன என்ற விளக்கமும் லிங்க்குகளும்தான். ஆனால் வந்தவருக்கு வேண்டியது அதில் இருந்தது.

டிசைனை நீங்களே வரையலாம்

ஃபோன் அளவுக்கு நாலைந்து பேப்பர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பேஜ். எந்த இடத்தில் படம், எங்கே விலை, எங்கே பட்டன் என்று கட்டம் மட்டும் போடுங்கள். துறைக்காரர்கள் இதை ‘வயர்ஃப்ரேம்’ என்பார்கள். ஏன் ஃபோன் அளவு? பெரும்பாலானோர் திறக்கப்போவது ஃபோனில்தான். கூகுளும் ஒரு தளத்தின் மொபைல் வடிவத்தைப் பார்த்துதான் தேடலில் சேர்க்கிறது. இந்த மாற்றம் முழுமையாக முடிந்துவிட்டதாக 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

வரைந்ததை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, ‘இதுல விலை எங்க இருக்கு, காட்டு’ என்று கேளுங்கள். விரல் அங்கும் இங்கும் அலைந்தால் அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். பேப்பரில் மாற்ற ரப்பர் போதும். கோடிங் முடிந்த பிறகு மாற்றினால் அதற்கு தனி பில் வரும்.

கலர், ஃபான்ட் எல்லாம் டிசைனர் பார்த்துக்கொள்வார். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, வெயிலில் நின்று பார்த்தாலும் படிக்கிற சைஸ். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேட்டர் ரெடியா?

வெப்சைட் வேலை இழுத்தடிப்பது பல நேரம் கோடிங்கால் அல்ல. ‘மேட்டர் கொடுங்க சார்’ என்று டிசைனர் கேட்டுக்கொண்டே இருப்பார், இவர் ‘நாளைக்கு’ என்பார். கடைசியில் எங்கிருந்தோ எடுத்த நாலு வரியைப் போட்டு தளத்தைத் திறந்துவிடுவார்கள். நோட்டில் எழுதிய கேள்விகளுக்கு நீங்கள் வாயால் சொல்லும் பதிலை அப்படியே எழுதினாலே நல்ல மேட்டர் வந்துவிடும்.

தமிழில் போடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோட்டீஸ் அடித்த டிடிபி கடையில் இருந்து ஃபைலை வாங்கி அப்படியே கொடுக்காதீர்கள். அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்திருப்பார்கள். காப்பி செய்து வெப்சைட்டில் ஒட்டினால் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இலவச கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள் (தமிழ் படிச்ச ஆள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, ‘விலை’, ‘விளை’ ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான்). நோட்டீஸையே படமாக ஏற்றுவது அதைவிட மோசம். ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்கணும், கூகுள் தேடலிலும் எளிதில் சிக்காது.

படங்களும் அப்படித்தான். இன்றைய ஃபோனில் எடுக்கும் ஒரு படம் 4, 5 எம்பி வரை இருக்கும். பத்து படத்தை அப்படியே ஏற்றினால் முகப்புப் பக்கமே 40 எம்பியைத் தாண்டிவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படங்களைச் சுருக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டொமைன்: சாவி யார் கையில்?

இதுதான் மெயின் மேட்டர். டொமைன் என்பது உங்கள் கடையின் விலாசம், ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் இடம். இரண்டுக்கும் வாடகை உண்டு. இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விலாசம் போனால் போர்டு, பில் புக், விசிட்டிங் கார்டு, கூகுளில் சம்பாதித்த பெயர் எல்லாம் சேர்ந்து போகும்.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவர்தான் பதிவேட்டின்படி உரிமையாளர். பணம் கொடுத்தது நீங்கள்தான் என்பது அங்கே தெரியாது. டிசைனர் தன் பெயரில், தன் ஈமெயிலில் வாங்கியிருந்து, பிறகு நம்பரை மாற்றிவிட்டால்? வேறு வேலைக்குப் போய்விட்டால்? கணக்கு வழக்கில் மனஸ்தாபம் வந்தால்? டிரேட்மார்க் வைத்திருப்பவர்கள் புகார் கொடுத்து மீட்க வழி இருக்கிறது. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடமும் இதற்கான நடைமுறை உண்டு. ஆனால் அந்தச் செலவில் சின்னக் கடைக்காரர் இன்னொரு வெப்சைட்டே போட்டுவிடலாம்.

அதனால் டொமைனை மட்டும் நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரம் சொச்சம்தான். உங்கள் பெயர், உங்கள் ஃபோன், உங்கள் ஈமெயில். அந்த ஈமெயிலும் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் காலாவதியானால் மெயிலும் நின்றுவிடும், ‘புதுப்பியுங்கள்’ என்ற நினைவூட்டலும் வந்து சேராது.

புதுப்பிக்க மறப்பது சின்னக் கடைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தனது பாஸ்போர்ட் டாட் காம் டொமைனுக்கு 35 டாலர் கட்ட மறந்ததில் ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் தவித்தார்கள். லினக்ஸ் புரோகிராமர் ஒருவர் தன் கைக்காசைக் கட்டி அதைச் சரிசெய்தார். உங்களுக்காக யாரும் கட்ட மாட்டார்கள். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆட்டோ ரினியூவல் போட்டு வையுங்கள். முதல் வருட ஆஃபர் விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று பாருங்கள்.

பெயர் தேர்வு செய்யும்போது ஃபோனில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் சரியாக டைப் செய்ய வேண்டும். ‘ழ’ வரும் பெயர் என்றால் கூடுதல் கவனம். அந்த ஒரு எழுத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

மற்றபடி, வேர்ட்பிரஸ்ஸா தனி கோடிங்கா என்பதற்கு ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். உலகின் வெப்சைட்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ்ஸில்தான் ஓடுகின்றன, மென்பொருள் இலவசம். ‘விலையை நானே மாத்த முடியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பூட்டுக்குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது.

தளத்திலேயே பணம் வாங்கி விற்கப் போகிறீர்கள் என்றால், 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் விவரம், ரிட்டர்ன் மற்றும் ரீஃபண்ட் விதிமுறைகள் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கும் பேப்பரில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

வேலை முடிந்ததும் டொமைன், ஹோஸ்டிங், வெப்சைட் அட்மின் ஆகிய மூன்றின் லாகின் விவரங்களையும் முழு பேக்கப் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். டிசைனர் எதிரில் இருக்கும்போதே, உங்கள் ஃபோனில் மூன்றிலும் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதற்குப் பிறகு மீதிப் பணத்தை ஜிபே பண்ணலாம்.