பின்விளக்கு இல்லாத ஒளி

தைப் பொங்கலன்று மும்பைத் தாராவியின் 90 அடிச் சாலையில் நம் தமிழ்ப் பெண்கள் வரிசை வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சியையும், மாட்டுங்காவின் மண்டபங்களில் நடைபெறும் கல்யாண வரவேற்பையும், செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் திருவிழா நாட்களில் திரளும் பக்தர் கூட்டத்தையும் ஆகாயத்திலிருந்து படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்றைய இளைஞர்களுக்கு உண்டாவது இயற்கையே. பகலில் எடுத்த படத்தோடு திருப்தி அடையாமல் இருட்டிலும் எடுக்க விரும்புகிறவர்கள், ட்ரோன் என்னும் அந்தச் சிறு பறக்கும் சாதனத்தில் ஒரு ஸ்பாட்லைட்டைப் பொருத்திக்கொண்டு, வெளிச்சம் வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று துணிந்துவிடுகிறார்கள். அந்தத் துணிவில் அடங்கியுள்ள பிழையை எடுத்துரைப்பதும், அந்த ஒளி விழும் கூரைகளின் கீழ் வசிக்கும் மக்களுக்குள்ள உரிமைகளையும் பரிகாரங்களையும் விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை விளக்குகள்

நாம் பிறவற்றைக் காண்பதற்காக ஏற்றும் விளக்கு ஒன்று. பிறர் நம்மைக் காண்பதற்காக ஏற்றும் விளக்கு மற்றொன்று. இரவில் சைக்கிளில் போகிறவனுக்கு முன்விளக்கு முதல் வகை, பின்புறச் சிவப்பு விளக்கு இரண்டாம் வகை. ட்ரோனில் கட்டிய ஸ்பாட்லைட் முதல் வகையைச் சேர்ந்தது. அது தரையை நோக்கி ஒளியைப் பாய்ச்சுமேயன்றி, மேலேயும் பக்கவாட்டிலும் வருகிற விமானத்துக்கோ ஹெலிகாப்டருக்கோ தன் இருப்பை அறிவிக்காது. அமெரிக்காவில் இரவில் பறக்கும் சிறு ட்ரோனுக்கு மூன்று மைல், அதாவது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தெரியக்கூடிய, விட்டுவிட்டு ஒளிரும் மோதல் தடுப்பு விளக்கு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் பச்சை நிறத்தில் மின்னும் விளக்கு வேண்டும். இரண்டு இடங்களிலும் சட்டம் கேட்பது பிறர் காண்பதற்கான விளக்கைத்தான்.

ஸ்பாட்லைட்டால் இயக்குபவனுக்கே நேரும் தீங்கும் உண்டு. இருட்டுக்கு மனிதக் கண் முழுவதும் பழகுவதற்கு இருபது முப்பது நிமிஷங்கள் ஆகும். பிரகாசமான ஒளி வட்டத்தை அவன் ஒருமுறை உற்று நோக்கினால், அந்த வட்டத்துக்கு வெளியே உள்ளவை முன்னிலும் கருத்துப்போகும். தாராவியின் சந்துகளில் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் மின்கம்பிகளும் கேபிள் கம்பிகளும் அந்தக் கருமையில்தான் மறைந்திருக்கின்றன. விளக்கின் பாரம் மோட்டாருக்குச் சுமை. ட்ரோனின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் விளக்காயின் அந்தப் பேட்டரியும் விரைவில் தீரும். ஆகவே, பறக்கும் நேரம் இயக்குபவன் எண்ணியதைவிடச் சுருங்கி, சாதனம் யாருடைய தகரக் கூரையின் மீதோ, கூரையற்ற மாடியில் காற்றுக்காகப் படுத்திருக்கும் குழந்தையின் மீதோ விழக்கூடும்.

சட்டம் வகுத்த எல்லை

2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள், இந்தச் சாதனங்களை எடையைக் கொண்டு வகைப்படுத்துகின்றன. 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. இந்தக் கணக்கில் சேருவது வெறும் ட்ரோனின் எடை மட்டுமன்று, அது சுமக்கும் பொருளின் எடையும்தான். 249 கிராம் எடையுள்ள ஒரு ட்ரோனில் 30 கிராம் விளக்கைக் கட்டிய மாத்திரத்தில், அது நானோ வகுப்பை விட்டு மைக்ரோ வகுப்பில் ஏறிவிடுகிறது. நானோவுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு, மைக்ரோவுக்கு இல்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்காக இயக்குவோருக்கு ட்ரோன் இயக்கும் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் கூலி பெற்றுக்கொண்டு கல்யாணப் படம் எடுப்பவருக்கு அது அவசியம். கடையில் விளக்கை வாங்கும்போது விற்பவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லையாதலால், வாங்குபவர்தாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எடையைப் போலவே இடமும் முக்கியம். அந்த விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்து, டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடமாகக் காட்டுகின்றன. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றியும், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியின்றியும் பறக்கவிடலாகாது. தாராவிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலேயே சத்ரபதி சிவாஜி மகாராஜ் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. செம்பூருக்கு அண்மையில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும், மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன. ஆகவே, பறக்கவிடுமுன் அந்த வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். இவற்றோடு, மும்பைக் காவல்துறை ட்ரோன்களைத் தடைசெய்து அவ்வப்போது ஆணைகள் பிறப்பிக்கிறது. 2025 மே மாதத்தில் நாட்டின் எல்லையில் பதற்றம் நிலவியபோதும் அத்தகைய தடை அமலில் இருந்தது. ஆணையை மீறுவது, தண்டனைச் சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். மீறலால் உயிருக்கு அபாயம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ட்ரோன் விதிகளை மீறுவதற்குத் தனியாக ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்தரங்கம் என்னும் உரிமை

ஒளியின் கீழே இருப்பவர்களின் நிலையை இனி நோக்குவோம். ஓர் அறையே வீடாகவும், கதவைத் தாண்டியதும் சந்தாகவும், கழிவறைக்கு இரவிலும் வெளியே நடக்க வேண்டியதாகவும் வாழ்கிற பெண்களுக்கு, இருட்டு ஒன்றுதான் பல வேளைகளில் திரைச்சீலை. அந்தத் திரையை விலக்க வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை. அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை மாளிகைக்கும் குடிசைக்கும் ஒன்றே. ஒரு பெண் தனிமையை எதிர்பார்த்துச் செய்யும் அந்தரங்கச் செயலை மறைந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி முதல் முறையிலேயே ஓராண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். இங்கே படம் எடுத்தால்தான் குற்றம் என்பதில்லை, பார்த்தாலே போதும்.

பரிகாரங்கள்

இரவில் கூரைக்கு மேலே விளக்கொன்று வட்டமிடக் கண்டால், முதலில் செய்யக்கூடாதவற்றை அறிந்துகொள்வோம். கல்லெறிந்து வீழ்த்தலாகாது, விழும் சாதனத்துக்கு எதிரி யார், அயலார் யார் என்று தெரியாது. கூட்டம் கூடிச் சந்தேகப்பட்டவனை அடிப்பதும் ஆகாது. 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில், திருடர்கள் இரவில் ட்ரோன் விட்டு வேவு பார்க்கிறார்கள் என்ற வதந்தி பரவி, கிராமங்கள் உறக்கமின்றிக் காவல் காத்தன, நிரபராதிகள் அடிபட்டார்கள். முஸாஃபர்நகரிலோ, புறாக்களின் மேல் சிவப்பும் பச்சையுமாக விளக்குகளைக் கட்டிப் பறக்கவிட்ட இருவர் கைதானார்கள். வானத்தில் தோன்றும் ஒளி எத்தனை எளிதாக ஜனங்களின் நிதானத்தைப் பறித்துவிடுகிறது என்பதற்கு இது போதிய திருஷ்டாந்தம்.

செய்ய வேண்டியவை இவை. நேரத்தையும், திசையையும், விளக்கின் நிறத்தையும் குறித்துக்கொண்டு, கைபேசியில் காட்சியைப் பதிவு செய்து, 112 என்ற எண்ணை அழையுங்கள். பின்னர் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய காவல் நிலையங்களில் உங்களுக்கு அருகே உள்ளதில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று காரணம் காட்டிக் குற்றப் புகாரைத் திருப்பி அனுப்ப, குற்ற நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடம் தரவில்லை. முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு செய்ய மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் எழுதலாம். அதன் பின்னும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் செல்லலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பெண்கள் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச உதவி அளிக்கிறது. அதற்கான எண் 15100. ட்ரோன் விழுந்து காயமோ சேதமோ ஏற்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டு ஏற்பாடுகளே ட்ரோனுக்கும் பொருந்துமாகையால், சிகிச்சைச் சீட்டுகளையும் உடைந்த பாகங்களின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது இயக்கியவரின் கடமை.

விளக்கைக் கட்டிப் பறக்கவிட விரும்பும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். சைக்கிளின் பின்விளக்கு ஓட்டுகிறவனுக்கு வழி காட்டுவதில்லை. அதை அவன் தன் கண்ணால் காண்பதுகூட இல்லை. பின்னால் வரும் முகம் தெரியாத மனிதனுக்காகவே அதை ஏற்றுகிறான். பதிவு எண்ணும், காப்பீடும், அனுமதியும், முந்தின நாளே அந்தச் சந்தின் வீடுகளுக்குச் சென்று சொல்லிவிட்டு வரும் மரியாதையும் ட்ரோனுக்குப் பின்விளக்குகள். பிறர் வீட்டின் மீது வெளிச்சம் போடுகிறவன், தான் யார் என்பதை முதலில் வெளிச்சத்தில் வைக்கட்டும்.