மலர் வரைந்த கைகள்

நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் என்னும் கற்றளி உள்ளது. முத்தரையர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. வெளியே நின்று நோக்கினால் சதுரச் சுவர்தான் தெரியும். உள்ளே கருவறையோ வட்டம்! கட்டடக் கலை பயின்றவர் வரைந்து காட்டும் வெட்டுத் தோற்றத்தைக் கண்டால் இந்த விந்தை உடனே விளங்கும். பூவும் அப்படித்தான். ஆவாரம்பூவை எல்லோரும் பறித்திருக்கிறோம். மஞ்சள் இதழ்கள் ஐந்து என்று சொல்லிவிடுவோம். உள்ளே மகரந்தத்தாள்கள் பத்து என்பதும், அவை ஒரே நீளமல்ல என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பூவை நெடுக்காக வெட்டி வரைந்தால்தான் அது புலப்படும்.

இந்தக் கலையில் நம் தமிழ்நாட்டில் தலைசிறந்து விளங்கிய இருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஒருவர் ரங்கையா, மற்றவர் கோவிந்து.

1819-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட். மருத்துவத்தைவிடச் செடிகொடிகளிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. செடியைக் காய வைத்தால் நிறம் போய்விடும், வடிவம் நசுங்கிவிடும். ஆகவே வாடுமுன் வரைய ஒருவர் வேண்டும். ஏறத்தாழ 1826 முதல் ரங்கையாவும், 1845-ஐ ஒட்டி அவருக்குப் பின் கோவிந்துவும் அவருக்காக வரைந்தனர். இவர்கள் தஞ்சை ஓவிய மரபில் வந்த தெலுங்குக் குடும்பத்தினர் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

தஞ்சை ஓவியத்தை அறிவீர்கள் அல்லவா? தங்க ரேக்கு, கண்ணாடிக் கற்கள், அகன்ற விழிகள், அழுத்தமான கோடுகள். பார்த்தவர் கைகூப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். செடியை வரைவதற்கோ அழகு மட்டும் போதாது. பூச்சி அரித்த இலையை அரித்தபடியே வரையலாம்; மகரந்தத்தாள் ஒன்று கூடவோ குறையவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத சூலகத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கித் தாளின் அடியில் தனியே வரைய வேண்டும். வீட்டில் தகப்பன் பாட்டன் வழியாக வந்த நுண்ணிய தூரிகைப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஆனால் பார்வையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. அதுதான் பெரிய சாதனை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. (ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தியை மூன்று முறை அழித்து வரைந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்!)

வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருநூலில் மட்டும் 2101 படங்கள் உள்ளன. அவை சென்னையிலேயே கல்லச்சில் அச்சாயின. எண்ணெய்ப் பசையுள்ள மையால் சுண்ணாம்புக் கல்லில் படத்தைப் பதித்து, கல்லை நீரால் நனைப்பார்கள். ஈரம் இருக்கும் இடத்தில் அச்சு மை ஒட்டாது, கோடுகளில் மட்டும் ஒட்டும்.

படங்களின் கீழ் மூலையில் வரைந்தவர் பெயரையும் அச்சிட்டார் வைட். அக்காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்கு வரைந்து கொடுத்த நம்மவர் பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏன், நார்த்தாமலைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். விதானத்தில் தாமரைக்குளம், மொட்டு, விரிந்த மலர், இலை எல்லாம் தனித்தனியே அடையாளம் காணலாம். மண்டபத்தைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்று கல்வெட்டு சொல்கிறது. தூரிகை பிடித்தவர் யாரென்று சொல்லவில்லை.

ரங்கையா, கோவிந்து இருவரின் மூல ஓவியங்கள் இன்று எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. ஹென்றி நோல்டி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 2007-இல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். நம் பகுதிச் செடிகளின் படங்களைக் காண விரும்பும் தோழியர், திருச்சி தூய வளனார் கல்லூரியின் சேசு சபைக் குரு மாத்யூ அவர்கள் தொகுத்து 1982-இல் வந்த தமிழ்நாட்டுத் தாவரப் பட நூலைப் புரட்டலாம். புதுக்கோட்டைச் சீமைச் செடிகளும் அதில் உண்டு.

கோவிந்துவின் திறமையைப் பாராட்டி, ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார் வைட். பின்னாளில் அது ‘ட்ரோபிடியா’ என்னும் வேறோர் இனத்தோடு சேர்க்கப்பட்டதால் அப்பெயர் இப்போது வழக்கில் இல்லை. படத்தின் மூலையில் உள்ள பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.