துருவம் மாறினால் உலகம் அழியுமா? 'எந்தத் துருவம்?' என்று முதலில் கேளுங்கள்

"தம்பி, துருவம் மாறப் போகுதாமே. கடல் எல்லாம் ஊருக்குள்ள வந்துடுமாம். அந்த இபிஎஃப் பணத்த இப்பவே எடுத்துடலாமா?"

கிள்ளானில் இருக்கும் என் அத்தை அண்மையில் ஓர் இரவு கேட்ட கேள்வி இது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பழைய தோட்டத்து மக்களின் புலனக் குழுவில் யாரோ பகிர்ந்த ஒரு காணொலி அவரைத் தூங்க விடவில்லை. பூமி திடீரெனப் புரளும், கடல் பொங்கும், குமரிக்கண்டம் அழிந்ததும் இப்படித்தான், விஞ்ஞானிகள் இதை மறைக்கிறார்கள் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசுகிறார்.

அந்தக் காணொலியை நானும் முழுதாகப் பார்த்தேன். சொல்லப்பட்ட எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. துருவங்கள் நகர்வது உண்மை. காந்தப்புலம் பலவீனமாகி வருவதும் உண்மை. ஆனால் தனித்தனியான மூன்று செய்திகளை ஒன்றாகக் கலக்கி, பயத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது: பூமி சுழலும் அச்சு

பம்பரம் சுழலும்போது அதன் ஆணி ஒரே புள்ளியில் நிற்காமல் இலேசாக ஆடும். பூமியின் அச்சும் அப்படித்தான். அச்சு தரையைத் தொடும் இடமே வட துருவம், தென் துருவம். இந்தப் புள்ளி ஏறக்குறைய 14 மாதங்களுக்கு ஒரு முறை சிறு வட்டமடிக்கிறது என்று அமெரிக்க வானியலாளர் சேத் சாண்ட்லர் 1891-இல் கண்டறிந்தார். அந்த வட்டத்தின் அளவு சில மீட்டர்கள்தான். ஒரு பூப்பந்துத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பிறந்ததிலிருந்தே துருவம் இப்படி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் உணர்ந்ததில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவை உலுக்கிய நிலநடுக்கத்தை நாம் மறக்க மாட்டோம். அன்று எழுந்த சுனாமியில் பினாங்கு, கெடா உள்ளிட்ட பகுதிகளில் நம் நாட்டிலும் 68 பேர் உயிரிழந்தனர். அவ்வளவு பெரிய நடுக்கம் துருவத்தை எவ்வளவு நகர்த்தியிருக்கும்? நாசா விஞ்ஞானி ரிச்சர்ட் கிராஸ் அப்போது கணக்கிட்டுச் சொன்னது சுமார் 2.5 சென்டிமீட்டர். ஒரு நாளின் நீளம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகச் சுருங்கியதாம். உயிர்களைப் பறித்தது கடல் அலை. துருவம் நகர்ந்ததால் யாருக்கும் எதுவும் நேரவில்லை.

அப்படியானால் 'பூமியே புரளும்' என்ற கதை எங்கிருந்து வந்தது? சார்லஸ் ஹாப்குட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1958-இல் ஒரு நூல் எழுதினார். பூமியின் மேலோடு மொத்தமாக வழுக்கி இடம் மாறும் என்பது அவர் கருத்து. அதற்கு ஐன்ஸ்டைன் முன்னுரை எழுதினார். ஐன்ஸ்டைன் பெயரைக் காணொலிக்காரர்கள் இன்றும் இழுப்பது அதனால்தான். ஆனால் நிலத்தட்டுகள் தனித்தனியாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன என்பது 1960-களில் உறுதியானது. ஹாப்குட் சொன்னதுபோல் திடீர் வழுக்கல் நடக்க வழியில்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது. பூமியின் மேற்பகுதி மொத்தமாக நகர்வது உண்டு. ஆனால் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு பாகை என்ற அளவில்தான்.

இரண்டாவது: திசைகாட்டி காட்டும் துருவம்

காந்தத் துருவம் வேறு. நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் உண்டாகும் மின்சாரம்தான் பூமியைக் காந்தமாக்குகிறது. இரும்பு ஓடும் விதம் மாறும்போது காந்தத் துருவமும் இடம் மாறும்.

வட காந்தத் துருவத்தை 1831-இல் கனடாவின் வடகோடியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டுபிடித்தார். அதன் பிறகு மெதுவாக நகர்ந்த அது, 1990-களில் வேகம் பிடித்து ஆண்டுக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் சைபீரியாவை நோக்கி ஓடியது. அதனால் விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் உலகக் காந்த வரைபடத்தை 2019-இல் அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. இந்தச் செய்தியைத்தான் காணொலிகள் 'உலக முடிவு' ஆக்கின. அதன் பிறகு வேகம் குறைந்து ஆண்டுக்கு 35 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது என்பதை யாரும் பகிரவில்லை.

கோலாலம்பூரில் நிற்பவருக்கு இதனால் என்ன மாற்றம்? திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இங்கே உள்ள வேறுபாடு அரைப் பாகைகூட இல்லை. கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் கதவு பக்கத்திலோ காருக்குள்ளோ வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய பிழை வரும். பூசையறைத் திசையை மாற்ற வேண்டுமோ என்று கவலைப்படுபவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு வியப்பு: பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நாம், காந்தக் கணக்கில் தெற்கே இருக்கிறோம். காந்த நடுக்கோடு நமக்கு மேலே தாய்லாந்தின் தென்பகுதியை ஒட்டிப் போகிறது. இந்தியாவில் அது தமிழ்நாட்டின் தென்கோடி அருகே செல்வதால், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது.

மூன்றாவது: வடக்கு தெற்காவது

காந்தத்தின் வடக்கும் தெற்கும் இடம் மாறிக்கொள்வதும் உண்மைதான். கடந்த 8 கோடியே 30 லட்சம் ஆண்டுகளில் அது 183 முறை நடந்திருக்கிறது. பழைய எரிமலைப் பாறைகளில் அதன் தடம் பதிந்திருக்கிறது. கடைசியாக முழுமையாக மாறியது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. மாறி முடிக்கப் பொதுவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு முறையும் உயிரினங்கள் கூண்டோடு அழிந்ததற்குச் சான்று இல்லை.

சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன்பு காந்தப்புலம் மிகவும் பலவீனமாகி, சில நூறு ஆண்டுகள் தலைகீழாகவும் இருந்தது. அப்போது மனிதர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். நம் நாட்டிலேயே இருந்தார்கள். யுனெஸ்கோ 2024-இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்த சரவாக் நியா குகைகளில் குறைந்தது 50,000 ஆண்டு கால மனித வாழ்வின் தடங்கள் உள்ளன. துருவம் புரண்ட காலத்தையும் அந்த மனித இனம் கடந்து வந்திருக்கிறது.

குமரிக்கண்டம் எங்கே வந்தது?

தமிழ் படித்தவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கடல்கோள் பற்றிய குறிப்பு சிலப்பதிகாரத்தில் உண்டு. இறையனார் களவியல் உரையிலும் உண்டு. கடல் நிலத்தைக் கொண்டது என்றுதான் அவை சொல்கின்றன. துருவம் புரண்டதாக எங்கும் இல்லை. அதை ஒட்டவைத்தது காணொலிக்காரர்கள்.

கடல் நிலத்தை விழுங்கியதற்கு நம் வாசலிலேயே சான்று இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். இன்று போர்ட் கிள்ளானில் கப்பல் நிற்கும் மலாக்கா நீரிணை அன்று நடந்து போகும் தரை. பனி உருகி அதை மூழ்கடிக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஒரே இரவில் நடந்ததல்ல. காந்தத்துக்கு அதில் வேலையும் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது

கடந்த 200 ஆண்டுகளில் பூமியின் காந்தப்புலம் சராசரியாக 9 விழுக்காடு குறைந்துள்ளது. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே அது மிகவும் பலவீனம். அங்கே செல்லும் துணைக்கோள்களின் கருவிகள் பழுதாகும் வாய்ப்பு அதிகம். இது பொறியாளர்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்.

நாம் யோசிக்க வேண்டியது வேறொன்று. 1993 முதல் 2010 வரை மனிதர்கள் பூமியிலிருந்து உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2,15,000 கோடி டன். அந்த எடை இடம் மாறியதாலேயே சுழல் துருவம் சுமார் 80 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அந்த நீரில் பெரும்பங்கு கடலில் சேர்ந்து, கடல் மட்டத்தை ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் உயர்த்தியது. ஆக, துருவ நகர்வு நம்மை அழிக்க வரும் ஆயுதம் அல்ல. நாம் பூமியை என்ன செய்கிறோம் என்று காட்டும் அளவுகோல். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை நீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் விஷயத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பகிரும் முன் மூன்று கேள்வி

2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியும் என்றார்கள். நான் அப்போது படிவம் மூன்று மாணவன். பள்ளி விடுமுறையில் பயந்துகொண்டே அந்த நாளைக் கழித்தேன். மறுநாளும் விடிந்தது. அடுத்த காணொலி உங்கள் புலனத்துக்கு வரும்போது இதைக் கேளுங்கள்: எந்தத் துருவம்? எவ்வளவு தூரம், எத்தனை ஆண்டில்? சொல்பவர் கடைசியில் எதை விற்கிறார்? சந்தேகமாக இருந்தால் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 'செபெனார்ஞா' தளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

அத்தைக்கும் இதைத்தான் பொறுமையாகச் சொன்னேன். மூன்றாவது கணக்கில் உள்ள இபிஎஃப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எடுத்த பணத்துக்கு லாப ஈவு வராது. உலகம் அழியாமல் போனால், முதுமையில் அந்தப் பணம் இல்லாமல் நிற்கப்போவது அவர்தான்.

"அப்ப பணம் அங்கேயே இருக்கட்டும்" என்றார். குழுவில் அந்தக் காணொலியின் கீழே ஒரு வரியும் எழுதினார்: "இது எந்தத் துருவம்?"

அனுப்பியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.