பெட்டிக்கொரு பாடம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணக் கற்ற என்னிடம், விளையாட்டுப் பெட்டிகள் இரண்டை ஒப்புநோக்கித் தீர்ப்புக் கூறுமாறு வழக்கொன்று வந்தது. கொணர்ந்தவன் ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் வாழும் என் மாணாக்கன். கொழும்பில் மின்கருவி திருத்தும் கடையொன்றிற் பணிபுரியும் அவன் தமையன், பழம்பெட்டிகள் இரண்டைச் செப்பனிட்டுத் தீபாவளிக்கு எடுத்து வந்திருந்தான். ஒன்று, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ வீட்டுப்பெட்டி. மற்றது, கையில் ஏந்தி ஆடும் கேம் போய். இரண்டிலும் டெட்ரிஸ் என்னும் ஒரே ஆட்டம். மேலிருந்து விழும் கட்டத் துண்டுகளை இடைவெளியின்றி அடுக்கினால் நிறைந்த வரிசை மறையும். அடுக்கு உச்சியை முட்டினால் ஆட்டம் முடியும்.

தமையன் மிகுந்த மதிப்பெண் பெற்று, "சின்னப் பெட்டியில் ஆடுவதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்று எள்ளினானாம். இளையவன் கண்கலங்கி, "சேர், அண்ணனுடையதில் இருபது வரிசை இருக்கிறது, என்னுடையதில் பதினெட்டுத்தான். எண்ணிப் பார்த்தேன்" என்றான்.

நானும் எண்ணினேன். அவன் கூறியது மெய்யே. அகலம் இரண்டிலும் பத்துக் கட்டம். ஆனால் கேம் போயின் திரை உயரம் 144 ஒளிப்புள்ளிகளே. கட்டமொன்றுக்கு எட்டுப் புள்ளி வேண்டும். பதினெட்டுக்கு மேல் இடம் ஏது? மதிப்பெண் கணக்கோ இரண்டிலும் ஒன்றுதான்: தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40, நான்கை ஒருங்கே அழித்தால் 1200. இடம் குறைந்தவனுக்கும் அதே கூலி! தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிதன்று.

இவ்விரு பதிப்புகளும் 1989இல் வெளிவந்தவை. வீட்டுப்பெட்டியில் வண்ணமுண்டு. கேம் போயில் நான்கு சாயல்களே. ஆகவே வடிவந்தோறும் வேறு கோலமிட்டு வேற்றுமை காட்டினர். பெரியதில் சைக்கோவ்ஸ்கியின் நடன இசை ஒலிக்க, சிறியதிலோ மூட்டை சுமந்து ஊரூராய்ச் செல்லும் வணிகரைப் பற்றிய ரஷ்ய நாட்டார் பாடலின் மெட்டு ஒலிக்கிறது. புடவை மூட்டையோடு லயந்தோறும் ஏறிவரும் வியாபாரியைக் கண்டவர்க்கு இரண்டாவதே நெருங்கியது என்பேன்.

மூலபாடம் எது? 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினியில் இதனை ஆக்கினார். அக்கணினிக்குச் சித்திரம் தீட்டும் ஆற்றல் இல்லாமையால் அடைப்புக்குறிகளையே கட்டங்களாக வைத்தார். வண்ணமில்லாத தம்பியின் பெட்டி மூலத்திற்கு அயலன்று என்பதை இதனால் அறிக.

1887இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும், எங்கள் ஈழத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் ஏடுகளை ஒப்பிட்டு அச்சேற்றினர். அங்கே குறை கறையானால் நேர்ந்தது. பதிப்பாசிரியர் அதனை நிரப்பத் தேடினார். ஈண்டுக் குறை இடத்தால் நேர்ந்தது, நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. இவ்வேறுபாட்டை நான் எப்போதும் உணர்ந்தவனல்லேன். பல்லாண்டுகளின் முன், தன் தோட்டத்துக் காமன் கூத்துப் பாடலை எழுதி வந்த மாணவி ஒருத்தியின் தாளில், அயல் தோட்டத்தில் நான் கேட்டபடி இல்லையென்று சிவப்பு மையாற் கோடிட்டேன். "எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் பாடுவார்கள், சேர்" என்றாள். நான் செவிமடுக்கவில்லை. அவள் மறுபடி எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை.

நிற்க. தமையனை அழைப்பித்தேன். "இரண்டு மதிப்பெண்களையும் ஒரே தராசில் வைக்காதே. தம்பியின் பெட்டியில் ஆடிவிட்டு வா" என்றேன். மறுநாள் மாலை வந்தான். முதல் ஆட்டத்திலேயே தம்பியிடம் தோற்றானாம். "மேல்முகடு கிட்டத்தில் இருக்கிறது, சேர், யோசிப்பதற்கு நேரமே இல்லை" என்றான். இளையவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் சாளரப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேம் போய்கள் இரண்டைக் கம்பியால் இணைத்து இருவர் எதிரெதிரே ஆடலாம். வீட்டுப்பெட்டியின் இப்பதிப்பில் அவ்வசதி இல்லை. தமையன் கொழும்புக்குத் திரும்புகையில், கடையில் இன்னொன்று கிடைக்குமா பார்க்கிறேன் என்று தம்பியிடம் சொல்லிச் சென்றான்.