மருந்தும் குண்டும்

துப்பாக்கியில் இடும் வெடிப்பொடிக்கு நம் ஜனங்கள் "மருந்து" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயிரைக் காக்கும் பொருளுக்கும் உயிரை வாங்கும் பொருளுக்கும் ஒரே பெயரா என்று பாஷையைப் பழிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று இருக்கிறது. அளவு தவறினால் இரண்டும் கெடுதலே செய்யும். இந்த உண்மையை நாம் எந்தப் புஸ்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம்.

அந்த வீடு நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனுடையது. மேற்கே குமுளி மலைத்தொடர், கிழக்கே மேகமலை. நடுவே, 1895-ம் வருஷம் முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து பச்சென்று கிடக்கும் வயல்களும் திராட்சைப் பந்தல்களும். பையனின் பாட்டனாருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி, அதிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வைத்தார். மாட்டுக் கொம்பினால் செய்த ஒரு மருந்துக் குப்பி. கோடு கிழித்த சிறு பித்தளைக் குழாய் ஒன்று. ஈயத்தை உருக்கி ஊற்றிக் குண்டு வார்க்கும் இடுக்கி அச்சு ஒன்று.

"எங்கய்யா வச்சிருந்த துப்பாக்கியோட சாமான், வாத்தியாரய்யா. பயிர்க் காவலுக்குன்னு லைசென்சு குடுத்தது. துப்பாக்கிய எப்பவோ டேசன்ல ஒப்படைச்சாச்சு. இது மட்டும் கெடக்கு" என்றார்.

"இந்தப் பித்தளைக் குழாய் எதற்கு ஐயா?" என்று கேட்டோம்.

"மருந்து அளக்க. மருந்து கொறஞ்சா பன்னி போயிரும். கூடுனா கை போயிரும்."

துப்பாக்கி சாஸ்திரத்தில் மருந்துக்கும் குண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் பெரிய பெரிய நூல்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதாகவே நமக்குத் தோன்றியது.

கையால் அளந்த காலம்

இக்காலத்து வேட்டைக்காரன் தோட்டாவைக் கடையில் வாங்குகிறான். அமெரிக்கா முதலிய தேசங்களில் சிலர், வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் தாங்களே புது மருந்தும் புதுக் குண்டும் அமைத்துக்கொள்ளுகிறார்கள். அங்கே அது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் நம் பாட்டனாரின் தகப்பனாருக்கு வேறு வழியே கிடையாது. அவருடையது குழலின் வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து கொட்டி, தக்கை வைத்து, குண்டையோ ரவையையோ இட்டு, கெஜக்கோலால் இடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அவரே தோட்டாத் தொழிற்சாலை.

அக்காலத்து மருந்து கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது. எரிந்த பின் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கசடாகவும் நின்றுவிடும். நாலைந்து வெடிக்குப் பின் குழல் அழுக்கேறி, குண்டு உள்ளே இறங்க மறுக்கும். ஆனாலும் கரிமருந்து ஓரளவு பொறுமையுள்ளது. அளவு சற்று முன்பின்னாக இருந்தாலும் நல்ல குழல் தாங்கிக்கொள்ளும். அந்தப் பொறுமையை நம்பித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் பலவிதமான பரீக்ஷைகளைச் செய்து பார்த்தார்கள்.

இரண்டு கட்சிகள்

அவர்களில் பிரசித்தமானவர் ஸாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர் அவரே. அதற்கு முன் இலங்கையில், நுவரெலியாவில், சில வருஷங்கள் குடியிருந்து யானை வேட்டையாடினார். 1845-ல் அவர் இலங்கைக்குக் கொண்டுபோன ஒரு ரைபிளின் எடை 21 இராத்தல். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் அதைச் செய்து கொடுத்தார். அதில் இட்ட கூர்ங்குண்டின் எடை 4 அவுன்ஸ்; மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். நம் கணக்கில் சொன்னால், கிட்டத்தட்ட பத்துத் தோலா ஈயத்தைத் தள்ளுவதற்கு இரண்டரைத் தோலா மருந்து! கனமான குண்டு, தாராளமான மருந்து என்பதே பேக்கரின் கட்சி.

எதிர்க்கட்சியும் இருந்தது. 1850-களில் இங்கிலாந்தில் "எக்ஸ்பிரஸ்" என்று ஒருவகை ரைபிள் வந்தது. ரயில் வண்டியின் வேகத்தை நினைத்து வைத்த பெயர் அது. இலேசான குண்டு, அதன் எடைக்கு மிகுதியான மருந்து. குண்டு வேகமாகப் போவதால் தூரத்திலுள்ள மானுக்கும் உயரம் கணித்துக் குறிவைக்க வேண்டியதில்லை. மானுக்கு அது போதும். ஆனால் நம் மலைகளிலுள்ள காட்டெருமையின் தோளில் அதே இலேசான குண்டு பட்டால், எலும்பை எட்டுமுன் சிதறிப்போகும். மிருகம் வெளிக்காயத்தோடு புதருக்குள் மறையும்.

குண்டின் எடை மட்டுமன்று, அதன் மென்மையும் வன்மையும்கூடப் பெரிய விஷயம். சுத்தமான ஈயம் மெத்தென்றிருக்கும். உடலில் பட்டதும் தட்டையாக விரிந்து, மானையும் பன்றியையும் உடனே வீழ்த்தும். யானையின் மண்டையோட்டில் அதே ஈயம் அப்பளமாகிவிடும். ஆகையால் பெரிய மிருகத்துக்கு ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து கெட்டியாக்கினார்கள். எனவே, "எந்த மருந்து, எந்தக் குண்டு?" என்று கேட்பதற்கு முன், "எந்த மிருகம், எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது அக்காலத்திலேயே தெளிவாகிவிட்டது.

புகையில்லா மருந்தும் சித்திரை வெயிலும்

1884-ல் பிரான்ஸில் வியேய் என்ற ரஸாயன அறிஞர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். ஐந்து வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்ற இருவர் கார்டைட்டைச் செய்தார்கள். பார்ப்பதற்குச் சேமியாவைப்போல் இழை இழையாக இருக்கும் மருந்து அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரியிலேயே, அருவங்காட்டில், அதற்கு ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது.

இந்த மருந்தின் பலத்தை ஒரு கணக்கினால் அறியலாம். 1898-ல் வந்த 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற வேட்டைத் தோட்டாவில் குண்டு 480 கிரெயின்; கார்டைட் 70 கிரெயின். ஒரு தோலாவுக்கு 180 கிரெயின். ஆகவே, அரைத் தோலாவுக்கும் குறைந்த மருந்து, இரண்டே முக்கால் தோலாவுக்குச் சற்றுக் குறைந்த குண்டை விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் துரத்துகிறது. பேக்கரின் 21 இராத்தல் பாரத்தைச் சுமக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது.

ஆனால் கரிமருந்தின் பொறுமை புதிய மருந்துக்குக் கிடையாது. பழைய பித்தளைக் குழாயால் கரிமருந்தை அளப்பதுபோல் இதை அளந்து பழைய துப்பாக்கியில் இட்டால், குழல் வெடித்து, சுடுகிறவனுடைய கையையும் முகத்தையும் கொண்டுபோகும். மருந்தைச் சிறிது கூட்டினால் வேகம் சிறிதே கூடும். குழலுக்குள் அழுத்தமோ அதைவிட வெகு வேகமாக ஏறும். அதே மருந்தோடு கனத்த குண்டை வைத்தாலும் அழுத்தம் ஏறும். ஆகவே கனத்த குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்தும், இலேசான குண்டுக்கு விரைவாக எரியும் மருந்தும் பொருத்தம் என்பது பொது விதி. மேல்நாட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள், மருந்து செய்தவர்கள் அச்சிட்ட அட்டவணையில் தங்கள் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் குறைந்த அளவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு மருந்துக்குச் சொன்ன அளவை மற்றொரு மருந்துக்குப் பிரயோகிப்பதில்லை.

நம் தேசத்துக்கென்று இன்னொரு சங்கடமும் இருந்தது. வெயில்! கார்டைட் சூடேறினால் விரைவாக எரியும். இலண்டன் குளிரில் சரியாக இருந்த தோட்டா, சித்திரை மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் காய்ந்தால் அழுத்தம் ஏறி, கூடு குழலில் இறுகிக்கொள்ளும். ஆகையால் உஷ்ண தேசங்களுக்கு அனுப்பும் தோட்டாக்களில் ஆங்கிலக் கம்பெனிகள் மருந்தைக் குறைத்தே நிரப்பின. அதே தோட்டா மேகமலையின் மார்கழிப் பனியில் சற்று மந்தமாகும். அடிவாரத்தில் ஒன்றும் மலையுச்சியில் மற்றொன்றுமாக மருந்து தன் குணத்தைக் காட்டும். இலண்டனிலிருந்து வரும் அளவை அப்படியே நம் மண்ணில் பிரயோகிக்க இயலாது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

பயந்த சர்க்கார்

வெயிலுக்கு அஞ்சியவர்கள் துப்பாக்கிக் கம்பெனிக்காரர்கள். சர்க்காருக்கு வேறொரு பயம் இருந்தது. 1878-ல், லிட்டன் பிரபு காலத்தில், ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு விலக்கு, நம்மவர்களுக்கு லைசென்ஸ். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இதை மாற்றவேண்டும் என்று தீர்மானம் செய்தது. 1930-ல் காந்தியடிகள் வைசிராயின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்ஸையின் அவதாரமாகிய அவர் அதைக் கேட்டது, ஜனங்கள் சுடவேண்டும் என்பதற்காக அல்ல. ஒரு தேசத்தையே நம்பத்தகாதவர்கள் என்று முத்திரையிட்ட அவமானம் நீங்கவேண்டும் என்பதற்காகவே.

அந்தப் பயம் தோட்டாவின் அளவையே மாற்றியதுதான் வேடிக்கை. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் குழலும் 450 அளவே. கலகக்காரர்கள் கையில் அத்துப்பாக்கிகள் இருந்தபடியால், 450 அளவுள்ள வேட்டை ரைபிள்களை இந்தியாவுக்குக் கொண்டுவர 1907-ம் வருஷ வாக்கில் சர்க்கார் தடை செய்தது. உடனே இலண்டன் கம்பெனிகள் 465, 470 என்று புதுப்புது அளவுகளைச் செய்து, துரைமார்களின் வேட்டைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டன. இங்கே பன்றிக்குப் பறிகொடுத்த விவசாயியோ கொம்புக் குப்பியோடும் பித்தளைக் குழாயோடும் இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்தான்.

காயம்பட்ட மிருகம்

மருந்து குறைந்தால் பன்றி போயிரும் என்றாரே பாட்டனார், எங்கே போகும்? அதை அவரிடமே கேட்டோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

"ஒருக்க எங்கய்யா மருந்தைச் சிக்கனம் புடிச்சாரு. பன்னி அடிபட்டு ஓடைக்குள்ள போயிருச்சு. மறுநா பளியரு ஒருத்தரக் கூட்டிக்கிட்டு ரத்தத் தடம் பாத்துப் போனோம். பொழுதடையிற வரைக்கும் கெடைக்கல. எங்கய்யா அன்னிக்குச் சாப்பிடல, வாத்தியாரய்யா."

வேட்டை சாஸ்திரத்தில் மருந்து-குண்டுப் பொருத்தத்தைப் பற்றி இத்தனை கவலைப்பட்டதன் காரணம் இதுதான். காயத்தோடு தப்பும் மிருகம் பல நாள் வேதனைப்பட்டுச் சாகும். அல்லது மனிதன்மேல் திரும்பும். ஜிம் கார்பெட் வேட்டையாடிய ஆட்கொல்லிப் புலிகளில் பல, காயத்தினால் தங்கள் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமற் போனவை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு கிரெயின் மருந்தில் செய்த அலக்ஷியத்துக்கு எங்கோ ஒரு கிராமம் விலை கொடுக்கக்கூடும்.

வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. யானைக்குச் சென்னை மாகாணம் 1873-லேயே பாதுகாப்புச் சட்டம் செய்தது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மற்ற மிருகங்களையும் காப்பாற்றியது. மேகமலை 2009-ல் சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. லைசென்ஸில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் தோட்டா செய்வதும் குற்றம். ஆனால் பயிரை அழிக்கும் பன்றி சட்டம் படிக்கவில்லை. காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிவு செய்யும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு வழிசெய்தது. தோட்டங்களில் சிலர் திருட்டுத்தனமாக வைக்கும் "அவுட்டுக்காய்" என்ற வெடியைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். அவுட்டுக்காய்க்குக் குறியும் இல்லை, அளவும் இல்லை. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதறிப் பட்டினியாலேயே சாகிறது.

மருந்து, மருந்தே ஆயிற்று

2023 மே மாதம் 27-ந் தேதி கம்பம் நகர வீதிகளில் ஒரு யானை ஓடியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரிக்கொம்பன் என்று பெயர். போடிக்கு மேலே சின்னக்கானலில் ஏப்ரல் 29-ந் தேதி கேரள வனத்துறையினர் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்ட யானை, மேகமலைப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டுக் கம்பத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் களேபரத்தில் காயமடைந்த ஒருவர் பிறகு இறந்துபோனார். நகரத்தில் தடையுத்தரவு போட்டார்கள்.

துரைமார்கள் காலமாயிருந்தால் 480 கிரெயின் குண்டு அந்த விஷயத்தை முடித்திருக்கும். ஜூன் 5-ந் தேதி அதிகாலையில் தமிழக வனத்துறையினர் எடுத்துச் சென்ற துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது மயக்க மருந்து நிறைந்த ஊசி. அதற்கும் கணக்கு உண்டு. யானையின் எடையை மதிப்பிட்டு மருந்தின் அளவு. தூரத்தை மதிப்பிட்டு ஊசியைத் தள்ளும் வாயுவின் அழுத்தம். அழுத்தம் கூடினால் ஊசியே குண்டுபோல் தசையைக் கிழிக்கும். குறைந்தால் வழியில் விழும். மருந்து கூடினால் யானை எழுந்திராது; குறைந்தால் ஆளைத் துரத்தும். அன்று அளவு தவறவில்லை. யானை உயிரோடு களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையைப் பாட்டனாரிடம் சொன்னபோது, அவர் அந்தப் பித்தளைக் குழாயை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அதுக்கும் அளவுதான், என்ன?" என்றார்.

"அதற்கும் அளவுதான், ஐயா" என்றோம்.

குழாயைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பேரனிடம் கொடுத்துப் பரணில் ஏற்றச் சொன்னார்.