மதிப்பெண்ணும் மதிப்பீடும்

ஒரு படைப்பை ஆராய்ந்து அதன் நிறைகுறைகளைக் காரணத்துடன் கூறுவது திறனாய்வு எனப்படும். நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் இருப்பது போலவே காணொளி விளையாட்டுகளுக்கும் திறனாய்வு உண்டு. ஜப்பானின் 'ஃபாமிட்சு' இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுவர். 1998-ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் 'செல்டா' வரிசை விளையாட்டு ஒன்று, அவ்விதழில் முதன்முதலாக 40-க்கு 40 பெற்றது.

மதிப்பெண் மட்டும் போதுமா? 2020 டிசம்பரில், பெரியோர்க்கென உருவாக்கப்பட்ட 'சைபர்பங்க் 2077' என்னும் போலந்து நாட்டு விளையாட்டு வெளிவந்தது. திறனாய்வாளர்களுக்கு முதலில் கணினிப் பதிப்பே வழங்கப்பட்டது, பலர் பாராட்டினர். பழைய விளையாட்டுக் கருவிகளுக்கு அதனை வாங்கியோரோ, ஆட்டம் இடையிடையே நின்றுபோவதைக் கண்டு ஏமாற்றமடைந்தனர். சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கியது. பணத்தையும் திருப்பியளிக்க முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது.

காலமும் மதிப்பீட்டை மாற்றும். 2016-இல் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் பிரித்தானிய விளையாட்டு, முன்னர்க் கூறப்பட்ட வசதிகள் பல அதில் இல்லை என்று கண்டிக்கப்பட்டது. அதனை உருவாக்கிய சிறு குழுவினர் சோர்வுறாது, கட்டணமின்றிப் புதுப்பிப்புகளை வழங்கினர். 2018-இல் பலர் சேர்ந்து விளையாடும் வசதி முழுமை பெற்றது. நாளடைவில் கண்டித்தோரும் பாராட்டினர்.

ஆகவே, எந்தப் பதிப்பு, எக்காலத்தில், எக்காரணங்களால் மதிப்பிடப்பட்டது என்பதைப் படித்தறிதல் வேண்டும். காரணம் கூறாத மதிப்பெண்ணை நம்பிப் பொருள் வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

சிந்தித்து எழுதுக: நீங்கள் அறிந்த ஒரு விளையாட்டின் நிறை ஒன்றையும் குறை ஒன்றையும் காரணத்துடன் எழுதுக.