பாயின்ட்டைக் கழற்றும் முன்

பழைய புல்லட்டோடு என் பட்டறைக்கு வருகிறவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, பாயின்ட்டத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் போட்டுரலாமா?" சிலர் கிட்டை வாங்கிப் பையிலேயே வைத்திருப்பார்கள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து மல்ட்டிமீட்டரை வைப்பேன். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா, இவை தெரியாமல் எந்த இக்னிஷன் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளைத்தான் இங்கே சொல்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பாயின்ட் வண்டிகள். எஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களும் இதில் பாதியைத் தங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

பாயின்ட் என்பது ஒரு சின்ன சுவிட்ச். மூடியிருக்கும்போது பேட்டரி கரண்ட் காயிலுக்குள் ஓடுகிறது. சுழலும் கேம் அதைத் தள்ளித் திறந்த நொடியில் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இது நொடிக்கு 25 தடவை நடக்கவேண்டும். திறக்கும் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர், ஒரு பீலர் கேஜ் தகட்டின் கனம். பாயின்ட்டின் அடியில் கேம் மேல் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுக்காது, எஞ்சின் கொதிக்கும், சைலன்சர் பைப் நீலம் பூக்கும். இது ஒரே நாளில் தெரிகிற குறையல்ல. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுகிறவர் அதற்குப் பழகிவிடுவார்.

பாயின்ட்டின் மேல் வரும் பழியில் பெரும்பங்கு உண்மையில் அதன் முனையில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சருடையது. இருட்டில் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயின்ட் முனையில் பளிச்சென்று நீலப்பொறி விடாமல் பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். முனைகள் கருகிக் குழி விழும், வண்டி சூடானதும் அடைக்கும், ஆறினால் கிளம்பும். இந்த ஒரு குறைக்காகவே முழு இக்னிஷனையும் மாற்றியவர்கள் எத்தனையோ பேர். தரமான கண்டென்சர் ஒன்றைச் சூட்டிலிருந்து தள்ளி, டாங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் கட்டிவிட்டால் பல வண்டிகளுக்கு அதுவே போதுமான மருந்து.

அப்படியானால் எலக்ட்ரானிக் வேண்டாமா? வேண்டும், நிச்சயமாக நல்லது. தேய்மானம் இல்லை, ஒரு தடவை டைமிங் வைத்தால் அப்படியே நிற்கும், ஐடிலிங் சீராகும், குளிர்ந்த காலையில் கிளம்புவதில் வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் விற்பவை மூன்று தனித்தனிச் சரக்குகள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும்.

முதல் வகையில் பாயின்ட் அப்படியே இருக்கும். காயிலின் பெரிய கரண்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி சுமக்க, பாயின்ட் வழியாகச் சிறு கரண்ட் மட்டும் போகும். முனை கருகாது, குதிகால் தேய்வது மட்டும் தொடரும். பெட்டி கெட்டால் வயரை மாற்றிச் சொருகிப் பழையபடி வீடு வந்து சேரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

இரண்டாம் வகையில் பாயின்ட் போய்விடும். அந்த இடத்தில் சுழலும் ஒரு காந்தம், எதிரே ஒரு சென்சார், டாங்குக்கு அடியில் ஒரு பெட்டி. இங்கிலாந்தின் போயர் பிரான்ஸ்டன், நியூசிலாந்தின் பாசான் போன்றவர்கள் பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கென்றே இதைச் செய்கிறார்கள். நம்மூர்க் கடைகளில் பெயர் போடாத பெட்டிகளும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அட்வான்ஸை யார் கொடுப்பது? வேகம் கூடக் கூடப் பொறி சற்று முன்கூட்டியே வரவேண்டும். பழைய வண்டியில் பாயின்ட் தட்டுக்கு அடியில் ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைகள் விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன. பெட்டியே அட்வான்ஸ் கொடுக்கும் கிட்டாக இருந்தால் அந்த எடைகளைக் கழற்றவோ அசையாமல் பூட்டவோ வேண்டும். பூட்டாமல் விட்டால் இரண்டு அட்வான்ஸும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் நாக்கிங் அடிக்கும், ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். பழைய எடைகளையே நம்பும் கிட் என்றால் துருப்பிடித்த ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

மூன்றாவது, பேட்டரியையே நம்பாத ஏ.சி. சி.டி.ஐ. ஆல்டர்னேட்டரில் தனிச் சுற்று ஒன்று சி.டி.ஐ. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் கிளம்பும். ஆனால் அதற்கேற்ற ஸ்டேட்டரும் வேண்டும் என்பதால் புல்லட்டில் இது பெரிய வேலை.

காயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 12 வோல்ட் பாயின்ட் காயிலின் பிரைமரி மூன்று நான்கு ஓம் காட்டும். சி.டி.ஐ. காயில் ஒரு ஓமுக்கும் கீழே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி மாட்டுகிறார்கள். குறைந்த ஓம் காயிலை டிரான்சிஸ்டர் பெட்டியோடு இணைத்தால் தாங்க முடியாத கரண்ட் இழுத்துப் பெட்டி எரிந்துபோகும். கிட்டோடு வரும் காயிலையோ அவர்கள் சொல்லும் ஓம் உள்ள காயிலையோ மட்டும் போடுங்கள். பிளக் மூடியும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பிளக்கின் மின் இரைச்சலில் பெட்டி குழம்பும்.

மீட்டரை முதலில் வைப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பாயின்ட், பேட்டரி இறங்கிக் கிடந்தாலும் மங்கலாக ஒரு பொறியாவது தரும். மின்னணுப் பெட்டிக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் சில பெட்டிகள் பேசாமல் நின்றுவிடும், சில நேரங்கெட்ட நேரத்தில் பொறி தரும். உதைக்கும்போது அப்படி வந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் கிக்கர் திருப்பி அடித்த கணுக்காலை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் கிட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர், வயரிங், எர்த் இவற்றுக்குச் செலவழியுங்கள். வண்டி 6 வோல்ட் என்றால் 12-க்கு மாற்றிய பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம். அடுத்ததாக, பாயின்ட் கேம் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் எந்த இக்னிஷன் போட்டும் டைமிங் நிலைக்காது.

மாட்டிய பிறகு ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்க்கவேண்டும். கேம் தண்டு எஞ்சின் சுற்றில் பாதி வேகத்தில் சுற்றுவதால், தட்டில் ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்க்கில் இரண்டு டிகிரி மாறிவிடும். கண்மட்டத்தில் வைத்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

பாயின்ட்டோடு போய்விடும் ஒரு வசதியையும் சொல்லவேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரை வெறும் அலங்காரம் என்று பல பேர் நினைக்கிறார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அது சொல்கிறது. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை ஒரு விரற்கடை தாண்டவிட்டு, லீவரை விட்டு, முழுதாக ஒரு உதை. எழுபது வயதுக்காரர்கள் அலட்டாமல் கிளப்புவது இந்த முள்ளைப் பார்த்துத்தான். பல கிட்களில் எஞ்சின் நிற்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகாது, ஆகவே முள் அசையாது. இதனால் ஒரு நன்மையும் உண்டு: சாவியை மறந்து விட்டுப் போனாலும் காயில் சூடேறாது, பேட்டரி இறங்காது. ஆனால் இனிமேல் பிஸ்டன் இருக்கும் இடத்தைக் காலில் தட்டும் கனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். கிட் மாட்டுகிறவர் வண்டிக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கடமை.

உறையூர்ப் பையன் ஒருவன் தாத்தாவின் வண்டியில் பெயரில்லாத பெட்டியொன்றை வெளியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் புதுக்கோட்டை சாலையில் நின்றுவிட்டான். பெட்டிக்குள் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தது. திறந்து பார்க்கவும் வழியில்லை. "பழைய தட்டு எங்கப்பா?" என்று போனில் கேட்டேன். "அது அந்தக் கடையிலயே கிடக்குண்ணே" என்றான். மினிவேனில்தான் வண்டி வந்தது.

தினமும் ஓட்டும் வண்டி, 12 வோல்ட், சார்ஜிங் சரி, தண்டு ஆடவில்லை என்றால் இரண்டாம் வகையில் உதிரிபாகம் தனியாகக் கிடைக்கும் நல்ல கம்பெனிக் கிட்டாகப் பார்த்துத் தயங்காமல் போடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் எடுக்கும் வண்டிக்குப் புதுப் பாயின்ட்டும் நல்ல கண்டென்சரும் போதும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு முதல் வகையைச் சொல்வேன். எதை மாட்டினாலும், கழற்றிய பாயின்ட் தட்டைக் கண்டென்சரோடு துணியில் சுற்றி, ஒரு பீலர் கேஜையும் சேர்த்து டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். பாயின்ட் காயிலையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள், பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.